ஒரு சிட்டிகை நீலம்

செங்கல்பட்டில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் என்ன வண்ணம் என்று கேட்டால் எல்லோரும் வெள்ளை என்றுதான் சொல்வோம். பொங்கலுக்கு வந்துபோகும் அத்தை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். "எங்கடா வெள்ளை? எங்கப்பா கைக்கு வந்த நீலம்" என்பார். அத்தை சொன்னதுதான் சரி. போகிக்கு முன்னால் தாத்தா தன் கையாலேயே சுண்ணாம்பு கலக்குவார். அதில் எவ்வளவு நீலம் போடுகிறார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு வருஷம் நீலம் இருப்பதே தெரியாது. இன்னொரு வருஷம் விளக்கு வைத்த பிறகும் கூடம் நீலமாகவே நிற்கும்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து சுட்ட கிளிஞ்சல் மூட்டையாக வரும். பின்வாசலில் பாதி புதைத்த பீப்பாயில் அதைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கத் தொடங்கிவிடும். குழந்தைகளைத் தாத்தா கிட்டே விடமாட்டார். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. கொதி அடங்கி நன்றாக ஊறியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேர்ப்பார். கஞ்சி சேராவிட்டால் சுவரில் சாய்ந்தவர் முதுகில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். சேர்த்தாலும் ஒட்டும், கொஞ்சம் குறைவாக. கடைசியில் நீலம். துணிக்குப் போடும் அதே பொடிதான். துணியில் முடிந்து வாளிக்குள் விட்டு ஆட்டுவார்.

பிறகு சோதனை. மட்டையால் கிணற்றடிச் சுவரில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பீடி தீரும்வரை அந்தப் பக்கம் திரும்பமாட்டார். ஈரச் சுண்ணாம்பில் அடியிலிருக்கும் பழைய சுவர் தெரியும், நீலம் தூக்கலாகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை மேலே வரும், நீலம் உள்ளே போகும். பக்கத்து வீட்டில் ஈரத்தில் பார்த்துவிட்டு நீலம் அதிகம் என்று மேலும் மேலும் சுண்ணாம்பு ஊற்றுவார்கள். தாத்தா இங்கிருந்தபடியே அவர்களைத் திட்டுவார்.

எதற்கு இந்த நீலம்? சுண்ணாம்பில் எப்போதும் லேசான மஞ்சள் ஒளிந்திருக்கும். நீலம் அந்த மஞ்சளை விழுங்கிவிடும். கணக்குப் பார்த்தால் சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் இதனால் குறையத்தான் செய்கிறது. ஆனால் மஞ்சள் போனதைக் கண் வெள்ளை கூடியதாக எடுத்துக்கொள்கிறது. வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே ஏமாற்றுதான்.

அந்தப் பொடியின் பூர்வீகம் பெரியது. ஆப்கானிஸ்தானத்தில் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லாசுலிக் கல்லை இடித்து எடுத்த நீலத்தை ஒரு காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் தங்க விலைக்கு வாங்கினார்கள். அதைச் செயற்கையாகச் செய்துகாட்டுபவருக்கு 6,000 பிராங்க் தருவதாக 1824-ல் பிரான்சில் ஒரு சங்கம் அறிவித்தது. 1828-ல் ழான் பத்தீஸ்த் கிமே அந்தப் பரிசை வாங்கினார். களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வைத்துச் சுட்டால் அதே நீலம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது ஓவியரின் தட்டிலிருந்து சலவைத் தொட்டிக்கு இறங்கியது. நம் பக்கத்தில் அம்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும்கூடச் செய்கிறார்கள். காரம் அதை ஒன்றும் செய்யாது, அமிலம் பட்டால்தான் நிறம் போகும். அதனால்தான் சுண்ணாம்புச் சுவரில் அது வருஷம் முழுக்க நின்றது. பிரஷ்யன் நீலத்தைப் போட்டிருந்தால் சுண்ணாம்பின் காரம் அதைத் தின்று பழுப்பாக்கியிருக்கும். தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. மளிகைக் கடையில் எது கிடைத்ததோ அதை வாங்கினார், அது சரியாக இருந்தது.

இரண்டு வண்ணங்களுக்கு நடுவில் அவர் தவித்து நான் பார்த்ததில்லை. இந்தத் தை நீலம் கூடிப்போனால் அடுத்த தையில் குறைத்துக்கொள்ளலாம். அத்தையின் கேலியைப் பன்னிரண்டு மாதம் பொறுத்தால் போதும். நான் என் வீட்டுக்கு வண்ணம் பார்க்கப் போனபோது நிலைமை வேறு. எமல்ஷன் அடித்தால் ஏழெட்டு வருஷம் பார்க்கத் தேவையில்லை என்று கடைக்காரர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது.

வீடு பூஞ்சேரியில், மாமல்லபுரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால். 2022-ல் சுவர்கள் எழுந்துகொண்டிருந்தபோது பக்கத்திலேயே செஸ் ஒலிம்பியாட் நடந்தது, ஜூலை 28-லிருந்து ஆகஸ்ட் 10 வரை. ஊரெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டார்கள். வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' கும்பிட்டபடி எல்லா முனையிலும் நின்றது. அதற்கு முன் 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் வந்தபோதும் இப்படித்தான் ஊருக்கே பெயின்ட் அடித்தார்கள். விருந்தாளி வந்தால் வெள்ளையடிப்பது நம் வழக்கம், அரசாங்கம் மட்டும் விதிவிலக்கா? ஆனால் ஒலிம்பியாடையொட்டி இரண்டு மாதம் பெயின்டர் யாரும் தனி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு வழியாக ஆள் கிடைக்கும் நேரத்தில் மழை வந்தது. டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. ஜன்னல் கதவு மாட்டாத வீட்டுக்குள் மழை படுக்கைவாட்டில் அடித்தது. "செவுரு காயட்டும் சார். ஈரத்துல பட்டி வெச்சா மொத்தமா உரிஞ்சி கையில வரும்" என்றார் மதுராந்தகம் பக்கத்து மேஸ்திரி. மாசி வரை காத்திருந்தோம். வண்ணம் பார்ப்பதற்குத் தேவைக்கு மேல் அவகாசம் கிடைத்துவிட்டது.

செங்கல்பட்டு ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் விசிறியாக விரியும் ஷேட் கார்டைக் கையில் கொடுத்தார்கள். குளிர்ச்சியாக, வெளிறியதாக ஒரு நிறம் வேண்டும் என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தகராறு அதற்குப் பிறகுதான். நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி இரண்டையும் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் வெள்ளைதான சார்?" என்றார்.

கார்டில் இருந்த ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். என்னுடையது 'கடல்', சாம்பல் பூத்த வெளிர் நீலம். அவளுடையது 'ஏரி', சாம்பலோடு அரைக்கால் பங்கு பச்சை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது தெரியும் கொளவாய் ஏரி கார்த்திகை மாதத்தில் அப்படி இருக்கும் என்பது அவள் வாதம். கலவை இயந்திரத்தின் திரையில் பார்த்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் வெள்ளை பேஸ், இரண்டிலும் கறுப்பும் நீலமும். ஒன்றில் ஒரு சொட்டு பச்சை, மற்றதில் அதைவிடச் சின்னச் சொட்டாக ஊதா. இருபது லிட்டர் வாளிக்குள் அந்தச் சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்தால், இதற்கா ஒரு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

ஒரு நாள் சாயங்காலம் கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக் கோயில் பக்கம் போனோம். 'கடல்' அட்டையைக் கடலுக்கு நேராகப் பிடித்தேன். கரையோரம் வங்கக்கடல் கலங்கிய பச்சை, தள்ளிப் போனால் ஈயம். என் அட்டைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மனைவி பேசாமல் சுண்டல் வாங்கப் போனாள். திரும்பும் வழியில் அர்ச்சுனன் தபசுப் பாறையையும் பார்த்தோம். அது கிழக்கு பார்த்த பாறை. காலை வெயிலில் தேன் நிறத்தில் நிற்கும் யானைகள் அந்த நேரத்தில் நிழலில் நீலச் சாம்பலாக இருந்தன. 'ஏரி' அட்டையை அதன் பக்கம் தூக்கிப் பிடிக்கப் போனவளை வழிகாட்டி ஒருவர் ஒரு மாதிரி பார்த்ததால் கையை இறக்கிவிட்டாள்.

கார்டை விட்டுவிட்டுச் சுவரில் பார்க்கச் சொன்னது மேஸ்திரிதான். நேராகச் சுவரில் அடித்தால் பக்கத்தில் இருக்கும் வெறும் பட்டியின் வெள்ளை கண்ணைக் கெடுக்கும் என்று, மிச்சமிருந்த பிளைவுட் பலகைகள் இரண்டில் அடித்துக் கொடுத்தார். தாத்தாவிடம் கற்ற பாடம் இங்கே தலைகீழானது. சுண்ணாம்பு காய்ந்தால் வெளுக்கும், எமல்ஷன் காய்ந்தால் ஏறும். ஈரத்தில் அதன் பசை பால் நிறமாக இருந்து நிறத்தை மூடியிருக்கும். காய்ந்ததும் பசை தெளிந்து நிறம் மேலே வந்துவிடும். டப்பாவுக்குள் பார்த்து முடிவு செய்பவர்கள் எல்லோரும் நினைத்ததைவிட அழுத்தமான அறையில்தான் குடியிருக்கிறார்கள்.

பலகைகளை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். வெளிநாட்டு அலங்காரப் புத்தகங்களில் வடக்கு ஜன்னல் அறைக்கு வெயிலே வராது, அங்கே குளிர்ந்த நிறம் கூடாது, செத்துப்போகும் என்று எழுதியிருக்கும். லண்டனுக்கு அது சரி. மாமல்லபுரம் ஏறக்குறைய 12.6 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அக்னி நட்சத்திரம் முழுவதும் அதற்குள் அடக்கம். எங்கள் வீட்டின் மிகக் கொடுமையான மாதங்களில் வெயில் வருவதே வடக்கு ஜன்னல் வழியாகத்தான். தை மாசியில் சாம்பலாகத் தூங்கும் அந்த அறை வைகாசியில் கண் கூசும். புத்தகத்தை மூடி வைத்தேன்.

பகல் ஒருவாறு அடங்கியது. ராத்திரி புதிய சிக்கல். டியூப்லைட்டின் 6,500 கெல்வின் வெளிச்சத்தில் இரண்டு பலகையும் ஒன்றாகிவிட்டன. எது எது என்று பின்னால் திருப்பிப் பென்சில் குறியைப் பார்க்கவேண்டியிருந்தது. மகன் வாங்கி மாட்டிய மஞ்சள் எல்இடி பல்பைப் போட்டதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடின. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொரு வெளிச்சத்தில் பிரியும் இந்தக் குணத்தை அச்சுத் தொழிலிலும் சாயத் தொழிலிலும் மெட்டமெரிசம் என்பார்கள். புடவைக் கடையில் துணியை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் பெண்களுக்கு இது பெயர் இல்லாமலே தெரியும்.

நடுவில் சுண்ணாம்பே அடித்துவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை ஓடியது. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தோம். 1996-ல் திறந்த இடம், வடிவமைப்பில் லாரி பேக்கரின் பங்கு உண்டு. அங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய செட்டிநாட்டு வீட்டில் அம்மா சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது அந்தக் காலப் பூச்சு. மெட்ராஸ் சுண்ணாம்பு என்று இந்தக் கரையின் மெருகுச் சுவர் பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர்களைப் பளிங்கோ என்று மலைக்கவைத்தது. அந்தச் சுவரின் முன்னால் நிற்கும்போது கார்டும் கலவை இயந்திரமும் அற்பமாகத் தோன்றின. (சுண்ணாம்பே வேண்டாம் என்று பெருமை பேசியவரும் நம் பக்கத்தில் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டில் பொறித்துக்கொண்டான். அவனுக்கு வெள்ளையடிக்கும் செலவு மிச்சம்.) மேஸ்திரியிடம் கேட்டேன். சிமென்ட் பூச்சின் மேல் பட்டி வைத்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சொரியும் என்றார். நீற்றித் தர ஆளும் இல்லை. யோசனை அத்தோடு போயிற்று.

முடிவைத் தரைதான் எடுத்தது. கூடத்துக்கு டைல்ஸ் கூடாது, செங்கல்பட்டு வீடு மாதிரி சிவப்பு ஆக்சைடு தரைதான் வேண்டும் என்று அம்மா முன்பே பிடிவாதமாகப் போட வைத்திருந்தார். பலகைகளை அந்தத் தரையில் சுவரோடு சாய்த்தபோது என்னுடைய 'கடல்' லேசாக ஊதா பூத்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏண்டா, இது கத்தரிப்பூ கலரு. நீலம்னியே?" என்றார்.

காரணம் எளிது. பகல் வெளிச்சம் தரையில் பட்டுச் சிவப்பாகத் தெறித்துச் சுவரின் கீழ்ப்பாதியில் ஏறுகிறது. நீலத்தின் மேல் சிவப்பு விழுந்தால் ஊதா. 'ஏரி'யில் இருந்த அரைக்கால் பச்சையோ அந்தச் சிவப்பை எதிர்த்து அணைத்து அமைதியான சாம்பலாகிவிட்டது. பக்கத்து நிறம் கண்ணுக்குள் செய்யும் வேலை இதற்கு மேல் தனி. பாரிசில் கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரலிடம், கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்துப் பார்த்தார், சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நிறம்தான் அதை வெளிறக் காட்டியது. 1839-ல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். எங்கள் கூடத்தில் அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

ஆனால் 'ஏரி' அவருக்கு முழுத் திருப்தி இல்லை. "இதுல ஒரு சிட்டிகை நீலம் போட்டா சரியா இருக்கும். ரெண்டு டப்பாவையும் ஒண்ணா ஊத்திடுங்களேன்" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மேஸ்திரி பதறிவிட்டார். "வேணாம் பெரியம்மா. நாளைக்கு ஒரு எடத்துல ஒட்டு போடணும்னா இந்த நெறம் எங்க கெடைக்கும்? நம்பர் இருந்தாத்தான் கடைக்காரன் திருப்பித் தருவான்." தாத்தாவின் வாளியில் பாதகமாக இல்லாத ஒன்று இங்கே குற்றம். திருப்பிச் செய்ய முடியாத நிறம் என்று இப்போது ஒன்று இருக்கக்கூடாது. நான்கு எழுத்து, நான்கு எண்ணுக்குள் அது அடங்கவேண்டும். எழுதி பீரோவில் வைத்துக்கொண்டோம்.

'ஏரி' அடித்தோம். மனைவி ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அதுதான் கொஞ்சம் உறுத்தியது. மிச்சமிருந்த ஒரு லிட்டர் 'கடல்' சமையலறைப் பரண் உள்பக்கத்துக்குப் போயிற்று. டப்பா எடுக்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் வடக்குச் சுவரின் அடியில் உப்புப் பூத்தது. கடற்கரையில் இது யாரையும் விடாது. ஓதம் கீழிருந்து ஏறும்போது உப்பையும் தூக்கிவரும், பெயின்டுக்குப் பின்னால் அது படிகமாகிப் பொருக்குத் தட்டும். மேஸ்திரி வந்து சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வைத்து, பீரோவிலிருந்த நம்பரைக் கடையில் காட்டி வாங்கிவந்த அதே நிறத்தை அடித்தார். காய்ந்ததும் ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. ஒரு வருஷக் கடல் காற்றும், எதிரிலிருந்த சிற்பக்கூடத்துக் கல்தூசியும் பழைய பகுதியை அரை மாற்று மங்கவைத்திருந்தன. எண் எண்ணோடு பொருந்தியது, சுவர் சுவரோடு பொருந்தவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி வேடிக்கை பார்த்தார். "அதுக்குத்தான் வருஷா வருஷம் மொத்தமா அடிச்சோம்" என்றார். மேஸ்திரி அந்தப் பக்கம் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் கட்டியவர் எங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டு மயங்கி நம்பரைக் கேட்டு வாங்கிப் போனார். ஆனி மாதம் ஒரு மத்தியானம் பெயின்ட் டப்பாவின் மூடியோடு வந்து நின்றார். முகத்தில் சுமுகம் இல்லை.

"சார், நம்பர் ஏதாவது மாத்திக் குடுத்துட்டீங்களா? எங்க வூட்ல பச்சப் பசேல்னு அடிக்குது."

பீரோவைத் திறந்து சீட்டை எடுத்தேன். மூடியோடு ஒப்பிட்டோம். ஒரு எழுத்து பிசகவில்லை. அவர் நம்பாமல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"உங்க வூட்டுத் தரை என்ன கலரு தம்பி?"